ஃபர்தர் மேத்ஸை யார் படிப்பிக்கிறார் என்று கேளுங்கள்

கேள்வி:

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

நாங்கள் லண்டன் ஹாரோவில் வசிக்கிறோம். மகள் 11ஆம் ஆண்டில் படிக்கிறாள். ஜிசிஎஸ்இ பரீட்சையில் (11ஆம் ஆண்டு முடிவில் எழுதுவது, உச்சத் தரம் 9) கணிதத்தில் 9, பௌதிகவியலில் 8, ஆங்கிலத்தில் 6 வரும் என்று பாடசாலை எதிர்பார்க்கிறது. கணிதம் என்றால் அவளுக்கு உயிர். கிங்ஸ் கல்லூரியின் கணிதப் பாடசாலைக்கு விண்ணப்பிக்கப் போகிறேன் என்கிறாள். எனக்கோ ஹென்றியேட்டா பார்னெட் போன்ற ஒரு கிராமர் பாடசாலைதான் (தேர்வு வைத்துப் பிள்ளைகளை எடுக்கும் அரசுப் பாடசாலை) பாதுகாப்பு என்று படுகிறது. பெறுபேறுகள் நன்றாக இருக்கின்றன, மருத்துவத்துக்கும் வழி திறந்திருக்கும். இப்போது படிக்கும் பாடசாலையிலும் சிக்ஸ்த் ஃபார்ம், அதாவது 12ஆம், 13ஆம் ஆண்டு வகுப்புகள் உண்டு. அங்கே ஃபர்தர் மேத்ஸ் ஆட்கள் சேர்ந்தால் நடக்குமாம். நுழைவுத் தேர்வுக்கு இப்போதே டியூஷன் வைக்க வேண்டுமா? வெளியாட்களிடம் வாய் திறக்காத பிள்ளை, நேர்முகத்தில் என்ன செய்வாள்? நான் ஊரில் உயர்தரத்தில் கணிதப் பிரிவில் படித்தவன். ஆனாலும் இங்குள்ள முறையைப் பார்த்தால் தலை சுற்றுகிறது.

— ஒரு தந்தை, ஹாரோ

பதில்:

அன்புள்ள ஐயா,

கடிதத்தில் பல கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கேட்டிருக்க வேண்டிய முதல் கேள்வியைப் போகிற போக்கில் ஒரு செய்தியாகச் சொல்லிவிட்டுக் கடந்துவிட்டீர்கள். ‘ஃபர்தர் மேத்ஸ் ஆட்கள் சேர்ந்தால் நடக்குமாம்.’ அங்கிருந்தே தொடங்குகிறேன்.

ஊரில் நீங்கள் படித்த கணிதப் பிரிவை மனதில் வைத்துக்கொண்டு இங்குள்ள ஏ லெவல் கணிதத்தை எடைபோட வேண்டாம். உங்கள் காலத்தில் தூய கணிதம், பிரயோக கணிதம் என்று இரண்டு பாடங்களாகப் படித்திருப்பீர்கள். பிற்பாடு அவை இணைந்த கணிதமாயின. எப்படிப் பார்த்தாலும் சிக்கலெண்களைத் தொடாமல் நீங்கள் பரீட்சை எழுதியிருக்க மாட்டீர்கள். இங்கே ஏ லெவல் கணிதம் என்ற ஒற்றைப் பாடத்தில் சிக்கலெண் இல்லை, தாயங்கள் இல்லை, கணிதத் தொகுத்தறிவு முறையும் இல்லை. அவை எல்லாம் ஃபர்தர் மேத்ஸ் என்ற இன்னொரு முழுப் பாடத்தில் இருக்கின்றன. பல்கலைக்கழகத்தில் கணிதமே படிக்க விரும்பும் பிள்ளைக்கு அது உபரியான அலங்காரம் அல்ல. கேம்பிரிட்ஜும் இம்பீரியலும் கணிதப் பட்டப்படிப்புக்கு அந்தப் பாடத்தை எதிர்பார்க்கின்றன, அதிலும் ஏ ஸ்டார் என்ற உச்சத் தரம் வேண்டும் என்கின்றன. கேம்பிரிட்ஜ் அதற்கு மேலும் ஸ்டெப் என்ற பரீட்சையில் இரண்டு தாள்களை எழுதச் சொல்கிறது. ஒவ்வொரு தாளிலும் 12 கேள்விகள், நேரம் 3 மணித்தியாலம். மாணவர் சிறப்பாகச் செய்த 6 கேள்விகளுக்குத்தான் புள்ளி. ஒரு கேள்வியோடு அரை மணித்தியாலம் மல்லுக்கட்டப் பழகாத பிள்ளை அங்கே திணறிப்போகும்.

ஆகவே எந்தப் பாடசாலையின் திறந்த நாளுக்குப் போனாலும் முதலில் இதைத்தான் கேட்க வேண்டும்: ஃபர்தர் மேத்ஸ் வகுப்பில் இப்போது எத்தனை பேர், யார் படிப்பிக்கிறார், வாரத்துக்கு எத்தனை பாடவேளை? இரண்டு கணிதங்களையும் இரண்டு ஆண்டும் சேர்த்தே நடத்துகிறார்களா, அல்லது முதலாண்டில் ஏ லெவல் கணிதம் முழுவதையும் முடித்துவிட்டு இரண்டாம் ஆண்டில் ஃபர்தர் மேத்ஸுக்குப் போகிறார்களா? இரண்டு முறையிலும் நன்றாகப் படித்துத் தேறியவர்கள் உண்டு. ஆனால் இரண்டாவது முறையில் ஒரு சங்கடம் இருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டுக்கும் கேம்பிரிட்ஜுக்கும் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டிய கடைசி நாள் அக்டோபர் 15. அந்த நாளில் பிள்ளை ஃபர்தர் மேத்ஸைத் தொடங்கி ஆறு வாரம்தான் ஆகியிருக்கும். விருப்பப் பகுதிகளையும் கேளுங்கள். சில பாடசாலைகள் தூய கணிதத்தை ஆழப்படுத்தும், சில இயக்கவியலையும் புள்ளிவிவரவியலையும் எடுக்கும், சில ‘டிசிஷன் மேத்ஸ்’ என்ற, படிமுறைகளும் வலையமைப்புகளும் பற்றிய பகுதியோடு நிறுத்திக்கொள்ளும். கடைசி வகையில் பிழை ஒன்றுமில்லை. ஆனால் ஏன் அதைத் தெரிவு செய்தீர்கள் என்று கேட்டால், படிப்பிக்கும் ஆசிரியரின் முகத்திலேயே பாதி பதில் கிடைத்துவிடும்.

ஆட்கள் சேர்ந்தால் என்ற வாக்கியத்தின் பொருளை நான் அனுபவத்தில் அறிந்தவன். முன்னர் நான் வேலை செய்த பாடசாலை ஒன்றில் ஃபர்தர் மேத்ஸுக்கு மூன்று பேர் சேர்ந்தார்கள். மூவருக்காக ஒரு ஆசிரியரின் முழு நேரத்தை ஒதுக்க நிர்வாகத்துக்கு மனம் வரவில்லை. வகுப்பை நடத்த அனுமதித்தார்கள், ஆனால் பாடவேளையை அரைவாசியாகக் குறைத்து, அதில் ஒன்றை மதிய உணவு நேரத்தில் போட்டார்கள். நான் சாண்ட்விச்சைக் கையில் வைத்துக்கொண்டு வகையீட்டுச் சமன்பாடு படிப்பித்தேன். மூவரும் சித்தியடைந்தார்கள். அவர்களில் ஒருத்தி ஏ ஸ்டார் எடுத்திருக்க வேண்டியவள், பி எடுத்தாள். அது அவளுடைய குறை அல்ல.

இனிப் பெறுபேறுகள். ஒரு சிக்ஸ்த் ஃபார்மின் ஏ ஸ்டார் விகிதத்தைப் பார்த்ததும் எங்கள் ஆட்களுக்குக் கண் விரிந்துவிடும். வாசலிலேயே 8உம் 9உமாக எடுத்த பிள்ளைகளை மட்டும் உள்ளே விடுகிற இடத்தில் அந்த விகிதம் வராவிட்டால்தான் அதிசயம். அந்த எண்ணைப் பார்த்துப் படிப்பித்தலின் தரத்தை அளக்க முடியாது. நடுவிலும் ஒரு சல்லடை இருக்கலாம். 2017இல் தென்கிழக்கு லண்டனில் ஒரு கிராமர் பாடசாலை, 12ஆம் ஆண்டு முடிவில் போதிய தரம் பெறாத மாணவர்களை 13ஆம் ஆண்டுக்கு ஏற்க மறுத்தது. பெற்றோர் சட்ட நடவடிக்கையில் இறங்கிய பிறகு அந்தக் கொள்கையைக் கைவிட்டது. எனவே முதலாண்டில் ஒரு பிள்ளை தடுமாறினால் என்ன செய்வீர்கள் என்றும் கேளுங்கள். மேடையில் நிற்கும் அதிபரிடம் கேட்டுப் பயனில்லை. வாசலில் வழிகாட்டிக்கொண்டு நிற்கும் 13ஆம் ஆண்டு மாணவியிடம் கேளுங்கள்.

மருத்துவம் பற்றி நீங்கள் எழுதிய ஒரு வரியைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். ‘மருத்துவத்துக்கும் வழி திறந்திருக்கும்.’ கேட்கிறேன் என்று தவறாக எண்ண வேண்டாம்: அந்த வழியில் போக விரும்புவது யார்? மகள் ஒரு சொல்லும் அதைப் பற்றிச் சொன்னதாகக் கடிதத்தில் இல்லை. இங்கே மருத்துவத்துக்குப் பெரும்பாலான இடங்களில் இரசாயனவியல் வேண்டும், உயிரியலும் இருந்தால் நல்லது. கிங்ஸ் கணிதப் பாடசாலையில் எல்லாப் பிள்ளைகளும் கணிதம், ஃபர்தர் மேத்ஸ், பௌதிகவியல் மூன்றையும் படிக்கிறார்கள். இரசாயனவியலும் உயிரியலும் அங்கே கிடையாது. ஆக, அங்கே போனால் மருத்துவத்தின் கதவு மூடிக்கொள்ளும், அதில் மறைக்க ஒன்றுமில்லை. மறுபுறம், இரண்டு கதவையும் திறந்து வைக்கிறேன் என்று கணிதம், ஃபர்தர் மேத்ஸ், இரசாயனவியல், உயிரியல் என நான்கையும் சுமக்கும் பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன். மருத்துவக் கல்லூரிகள் பலவும் கணிதத்தையும் ஃபர்தர் மேத்ஸையும் சேர்த்து ஒரே பாடமாகத்தான் எண்ணுகின்றன. கணிதத்துக்கு விண்ணப்பிக்கும்போதோ பௌதிகவியல் இல்லாமல் நிற்பார்கள், ஸ்டெப்புக்குப் பழக நேரமும் இருக்காது. பல்கலைக்கழகங்கள் பொதுவாக மூன்று பாடங்களை வைத்துத்தான் இடம் தருகின்றன. நான்காவது பாடம் பிள்ளைக்கு ஆசையாக இருந்தால் எடுக்கட்டும். அப்பாவின் காப்புறுதிக்காக எடுக்க வேண்டாம்.

இந்தப் பேச்சை மகளோடு இந்த வாரமே வைத்துக்கொள்ளுங்கள். பாடசாலைத் தெரிவில் பாதி அதிலேயே முடிந்துவிடும்.

கணிதப் பாடசாலைகள் பற்றிச் சில விவரங்கள். இவை 16 முதல் 19 வயது வரையான பிள்ளைகளுக்கு அரசின் செலவில் நடப்பவை, கட்டணம் இல்லை. லண்டனில் கிங்ஸ் பாடசாலை 2014இல் லம்பெத் பகுதியில் தொடங்கியது. இம்பீரியலுடையது 2023இல் வுட் கிரீனில் தொடங்கியது. வெளியே எக்ஸிட்டர், லிவர்பூல், பிரெஸ்டன் (லங்காஸ்டர் பல்கலைக்கழகத்துடையது), கேம்பிரிட்ஜ் என்று வேறும் இருக்கின்றன. உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது: ஹாரோ அன்ட் வீல்ட்ஸ்டோனில் பேக்கர்லூ ரயில் ஏறினால் மாறாமலே லம்பெத் நோர்த்தில் இறங்கலாம். வுட் கிரீனுக்கும் ரெய்னர்ஸ் லேனிலிருந்து பிக்கடில்லி ரயில் நேராகப் போகும், ஆனால் அது நகரத்தைக் குறுக்கே அறுத்துக்கொண்டு போகிற நெடும்பயணம். 16+ ஸிப் ஆய்ஸ்டர் அட்டை எடுத்தால் பஸ் இலவசம், நிலக்கீழ் ரயிலுக்கு அரைக் கட்டணம். ஆனாலும் நவம்பர் மாத மழையில், காலை 7 மணிக்கு ஒருமுறை மகளோடு அந்தப் பயணத்தைச் செய்து பாருங்கள். இரண்டு வருடம் அதைத்தான் செய்யப் போகிறாள்.

இவை சிறிய இடங்கள். நாடகக் குழு, வரலாற்றுப் பாடம், பெரிய விளையாட்டுத் திடல் எல்லாம் எதிர்பார்க்கக் கூடாது. அதற்குப் பதிலாக, மதிய இடைவேளையில் யாரோ வெண்பலகையில் எழுதிவிட்டுப் போன புதிரைச் சுற்றி நான்கு பேர் நின்று சண்டை பிடிப்பார்கள். இதுவரை தன் வகுப்பில் கணிதத்தில் தனியாகவே முன்னே ஓடிக்கொண்டிருந்த பிள்ளைக்கு அது பெரிய விஷயம். தன்னைவிட வேகமாக யோசிக்கிறவர்களை முதன்முதலாகச் சந்திப்பாள். சில பிள்ளைகள் அதில் மலர்வார்கள், சிலர் முதல் அரையாண்டு முழுவதும் அழுவார்கள். இன்னொன்று: நாடு முழுவதும் ஃபர்தர் மேத்ஸ் வகுப்புகளில் பெண் பிள்ளைகள் சிறுபான்மைதான். கணிதப் பாடசாலையில் எத்தனை பெண்கள் படிக்கிறார்கள் என்று மகள் கேட்கட்டும். நீங்கள் சொன்ன ஹென்றியேட்டா பார்னெட் முழுவதும் பெண்களுக்கானது, அங்கே அந்தக் கேள்விக்கே இடமில்லை. உங்கள் யோசனையை நான் ஒரேயடியாக ஒதுக்கவில்லை. கூச்சமுள்ள பெண்ணுக்கு அது நல்ல இடமாக அமையவும் கூடும். இரண்டுக்கும் விண்ணப்பியுங்கள். வெஸ்ட்மின்ஸ்டர் ஆபிக்கு அருகே இருக்கும் ஹாரிஸ் வெஸ்ட்மின்ஸ்டர் சிக்ஸ்த் ஃபார்மையும் சேர்த்துக்கொள்ளலாம். அங்கேயும் நுழைவுப் பரீட்சையும் நேர்முகமும் உண்டு.

பல்கலைக்கழக விண்ணப்பம் போல இதற்கு ஒரே மையம் கிடையாது. ஒவ்வொரு இடத்துக்கும் தனித்தனிப் படிவம், தனித்தனிக் கடைசி நாள். சில இடங்கள் இலையுதிர் காலத்திலேயே மூடிவிடும். நத்தார் விடுமுறையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள். நான்கு இடங்களுக்குப் போட்டால் போதும். அதில் ஒன்று கட்டாயம் இப்போதைய பாடசாலையாக இருக்கட்டும். அங்கே ஒரு தர்மசங்கடம் வரக்கூடும்: மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்துத்தான் பாடசாலைக்குப் பணம் வருகிறது, கணிதத்தில் முதல் பிள்ளையை விட்டுக்கொடுக்க யாருக்கும் மனம் வராது. சான்றுக்கடிதம் எழுதப்போகும் கணித ஆசிரியரிடம் மகளே நேரில் போய்ச் சொல்லட்டும். மின்னஞ்சலில் திடீரென்று ஒரு படிவம் வந்து விழுவதை எந்த ஆசிரியரும் விரும்புவதில்லை.

டியூஷன் பற்றிக் கேட்டீர்கள். நுழைவுத் தேர்வுக்கென்று தனி டியூஷன் வேண்டாம் என்பதே என் கருத்து. என் சக ஆசிரியர்கள் சிலர் இதற்காக என்னோடு கோபிப்பார்கள். கணிதப் பாடசாலைகளின் திறனறி தாள்கள் புதிய பாடப்பகுதி எதையும் கேட்பதில்லை, ஜிசிஎஸ்இயில் படித்ததையே முறுக்கிக் கேட்கும். அதைத் தீர்க்க அறிவைவிடப் பொறுமைதான் அதிகம் வேண்டும். ஓர் உதாரணம். 3ஐவிடப் பெரிய முதன்மை எண் ஒன்றை எடுத்து வர்க்கித்து, அதிலிருந்து 1ஐக் கழியுங்கள். விடை எப்போதும் 24ஆல் வகுபடும். ஏன்?

டியூஷனில் ஊறிய பிள்ளை என்ன செய்யும்? 5க்கு 24, 7க்கு 48, 11க்கு 120 என்று சரிபார்த்துவிட்டு, ‘இதற்கு என்ன சூத்திரம் சேர்?’ என்று கேட்கும். நல்ல பிள்ளை கொஞ்ச நேரம் முழித்துவிட்டு, வர்க்கத்தில் ஒன்றைக் கழித்தால் அது இரண்டு எண்களின் பெருக்கமாக உடையும் என்று காணும்: முதன்மை எண்ணுக்கு ஒன்று முந்தியது, ஒன்று பிந்தியது. இரண்டும் அடுத்தடுத்த இரட்டை எண்கள், ஆகவே ஒன்று 4ஆல் வகுபடும், பெருக்கம் 8ஆல் வகுபடும். அடுத்தடுத்த மூன்று எண்களில் ஒன்று 3ஆல் வகுபட வேண்டும், நடுவில் இருப்பது முதன்மை எண், எனவே அது பக்கத்தில் உள்ள இரண்டில் ஒன்று. எட்டும் மூன்றும் சேர்ந்து 24. இதில் ஜிசிஎஸ்இக்கு அப்பாற்பட்டது எதுவும் இல்லை. மிக நல்ல பிள்ளை இத்தோடும் நிற்காது. 25 முதன்மை எண் அல்ல, ஆனால் அதற்கும் 624 வந்து 24ஆல் வகுபடுகிறதே, அப்படியானால் முதன்மை என்ற நிபந்தனை உண்மையில் எதற்குத் தேவைப்பட்டது என்று கேட்கும். அந்தக் கேள்வியைத் தானாகக் கேட்கிற பிள்ளையைத்தான் தேடுகிறார்கள்.

அதற்குப் பயிற்சி வேண்டுமானால் காசில்லாமலே கிடைக்கும். யுகேஎம்டி என்ற கணிதப் போட்டி அமைப்பு நடத்தும் இடைநிலைக் கணிதப் போட்டியின் பழைய தாள்கள், அதற்கு மேல் 11ஆம் ஆண்டினருக்கான மெக்லாரின் தாள்கள் இருக்கின்றன. மெக்லாரினில் 6 கேள்விகள், 2 மணித்தியாலம், விடை மட்டும் போதாது, முழு நிறுவலையும் எழுத வேண்டும். கேம்பிரிட்ஜின் என்ரிச் தளத்திலும் நல்ல புதிர்கள் குவிந்து கிடக்கின்றன. வாரத்துக்கு இரண்டு கேள்வி போதும். ஒரு நிபந்தனை: விடைத்தாளை ஒரு நாள் முழுவதும் திறக்கக் கூடாது.

நேர்முகத்துக்கு நீங்கள்தான் ஆசிரியர். சிரிக்காதீர்கள். கணிதப் பாடசாலை நேர்முகத்தில் மேடைப்பேச்சை யாரும் எதிர்பார்ப்பதில்லை. ஒரு கணக்கைக் கொடுத்து, பிள்ளை எப்படி யோசிக்கிறாள் என்று பார்ப்பார்கள். சிக்கிக்கொண்டால் ஒரு சிறு துப்புக் கொடுப்பார்கள், அதைப் பிடித்துக்கொண்டு நகர்கிறாளா என்று கவனிப்பார்கள். கூச்சம் அங்கே குறை அல்ல. உள்ளே ஓடுவதை வெளியே காட்டாமல் இருப்பதுதான் குறை. ஆகவே குசினி மேசையில் இருந்து, ஒரு கணக்கை அவள் உங்களுக்கு விளங்கப்படுத்தட்டும். ஆங்கிலத்தில் சொன்னாலும் சரி, தமிழும் ஆங்கிலமும் கலந்து சொன்னாலும் சரி. நீங்கள் ‘ஏன்?’, ‘பிறகு?’ என்ற இரண்டு சொல்லுக்கு மேல் பேசக் கூடாது. ஊரில் கணிதம் படித்த அப்பாமாருக்கு இது பெரிய தண்டனை, எனக்குத் தெரியும். பேனையை அவள் கையிலிருந்து வாங்கிவிடாதீர்கள்.

பாடசாலையோடு சேர்ந்த சிக்ஸ்த் ஃபார்ம்களில் நிலைமை வேறு. கிராமர் பாடசாலைகளும் இதில் அடக்கம். அவை நேர்முகத்தை வைத்து இடம் தரவோ மறுக்கவோ கூடாது என்பது அரசின் சேர்க்கை விதி. அழைத்துப் பேசினால் அது பாடத் தெரிவு பற்றிய உரையாடல் மட்டுமே. தனித்து இயங்கும் 16–19 நிறுவனங்களை அந்த விதி கட்டுப்படுத்தாது. அதனால்தான் கணிதப் பாடசாலைகள் தேர்வும் நேர்முகமும் வைக்கின்றன.

படிவத்தில் ‘ஏன் இங்கே படிக்க விரும்புகிறாய்?’ என்ற கட்டம் வரும். அதில் வயலின் தரம், கராத்தே பட்டி, பரதநாட்டிய அரங்கேற்றம் எல்லாவற்றையும் வரிசையாக அடுக்குவது எங்கள் வீடுகளின் வழக்கம். எத்தனையோ வரைவுகளில் அதை நான் வெட்டியிருக்கிறேன். தன்னை இரண்டு நாள் தூங்கவிடாமல் செய்த ஒரு கணக்கைப் பற்றி எழுதட்டும், எங்கே பிழைவிட்டாள், எப்படிப் பிடித்தாள் என்பது உட்பட. சொல்நயம் வேண்டாம். ஆங்கிலத்தில் 6 என்று நீங்கள் கவலைப்பட வேண்டிய அளவுக்கு ஒன்றும் இல்லை. கணிதப் பாடசாலைகள் பொதுவாக ஆங்கிலத்தில் ஒரு நல்ல சித்தியைத்தான் கேட்கின்றன, கணிதத்தில்தான் 8உம் 9உமாகக் கேட்பார்கள்.

கிடைக்கும் இடங்கள் எல்லாம் நிபந்தனையோடுதான் வரும். ஒன்றுக்கு மேற்பட்டதை ஏற்று வைத்திருப்பதில் தவறில்லை. எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள், பாடசாலைகளுக்கும் அது தெரியும். ஆகஸ்டில், ஏ லெவல் பெறுபேறு வந்த அடுத்த வியாழக்கிழமை ஜிசிஎஸ்இ பெறுபேறு வரும். அன்றைக்கும் மறுநாளும்தான் பல இடங்களில் பதிவு. அந்த வாரம் ஊருக்கு டிக்கெட் போட்டுவிடாதீர்கள். ஒவ்வோர் ஆண்டும் யாராவது ஒரு குடும்பம் யாழ்ப்பாணத்திலிருந்து பதற்றத்தோடு தொலைபேசி எடுக்கிறது. ஒரு தரம் குறைந்துபோனால் தயங்காமல் அன்றே தொடர்புகொள்ளுங்கள். மற்றவர்கள் வேறிடம் போவதால் இடங்கள் காலியாவதும் அந்த இரண்டு நாளில்தான். எங்கே பதிவு செய்கிறீர்களோ அங்கே பதிந்த பின், மற்ற இடங்களுக்கு மகளே ஒரு வரி மின்னஞ்சல் போட்டு இடத்தை விட்டுக்கொடுக்கட்டும். காத்திருப்புப் பட்டியலில் இன்னொரு பிள்ளை தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு இருக்கும்.